செலவுகளை ‘ரீல் இன்’ செய்ய முடியுமா?

புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆறாம் படிவத்தில் பயிலும் அவருடைய மகள், மூயெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சிக் கட்டுரையில், நிறுவனம் தன் செலவுகளை ‘ரீல் இன்’ (reel in) செய்ய வேண்டும் என்று எழுத, ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டாராம். வாடிக்கையாளர்களை ‘ரீல் இன்’ செய்யலாம் என்றால் செலவுகளை ஏன் செய்யக்கூடாது என்பது வாசகியின் கேள்வி.

ஆசிரியரின் திருத்தம் சரியானதே. மகள் எழுத நினைத்தது ‘ரெய்ன் இன்’ (rein in) என்பதாகும். ரெய்ன் என்பது குதிரையின் கடிவாள வார். அதை இழுத்துப் பிடித்து ஓட்டத்தை அடக்குவதிலிருந்தே செலவையோ விலைவாசியையோ கோபத்தையோ கட்டுக்குள் கொண்டுவருதல் என்னும் பொருள் பிறந்தது. ஒலி நெருக்கத்தால் செய்தியாளர்கள்கூட இவ்விரண்டையும் அவ்வப்போது குழப்பிக்கொள்கிறார்கள்.

‘ரீல் இன்’ தூண்டிலோடு சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் ரீல் என்பது நூல் சுற்றும் கருவியின் பெயர்; நூல் தடையின்றிப் பிரிந்து வருவதைப்போல் ஒரு பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பிப்பதைக் குறிக்கும் ‘ரீல் ஆஃப்’ அந்தப் பொருளிலிருந்து வந்தது. (நம் பேச்சில் உள்ள ‘ரீல் விடுதல்’ வேறு கதை, அதை இங்கே சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தூண்டிலில் உருளையைப் பொருத்தும் வழக்கம் சீனாவில் மிகப் பழையது, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மா யுவான் தீட்டிய ஓவியமொன்றில், குளிர்கால ஏரியில் படகிலிருந்து மீன் பிடிப்பவரின் தூண்டிலில் அது தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்திலோ 1651இல் தாமஸ் பார்க்கர் எழுதிய நூலில்தான் அது முதன்முதலாகக் குறிப்பிடப்படுகிறது.

பினாங்கின் தெலுக் பஹாங் படகுத்துறையில் தூண்டில் போடுபவர்களைக் கவனித்தால் இதன் பொருள் இன்னும் நுட்பமாக விளங்கும். பெரிய சியாக்காப் (கொடுவா மீன்) சிக்கியவுடன் உருளையின் கைப்பிடியை வேகவேகமாகச் சுற்றுபவர் தூண்டில் நரம்பை (நூலை) அறுத்துக்கொள்வார். கைதேர்ந்தவரோ கம்பை மெல்ல உயர்த்தி மீனைத் தம் பக்கம் இழுத்து, பிறகு கம்பைத் தாழ்த்தும்போது தளரும் நரம்பை மட்டும் உருளையில் சுற்றிக்கொண்டு, மீன் திமிறினால் சற்று விட்டுக்கொடுத்து, மீண்டும் சுற்றுவார். ஆகவே ‘ரீல் இன்’ என்றால் வெறுமனே இழுத்தல் அன்று; ஏற்கெனவே முள்ளில் மாட்டியதை, அல்லது இரையைக் கண்டு ஆசைப்பட்டதை, படிப்படியாகத் தன் பக்கம் வரவழைத்தல். தள்ளுபடி விலையைக் காட்டி வாடிக்கையாளரை வரவழைப்பதற்கு இது பொருந்துகிறது. செலவுகளை யாரும் தம்மிடம் வரவழைப்பதில்லை!

இலக்கணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழுக்கப்படுவதன் பெயர்ச்சொல் ‘இன்’ என்பதற்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ஆனால் ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர்கள் நடுவில் மட்டுமே வரும். ‘ரீல் தெம் இன்’ என்பது சரி, ‘ரீல் இன் தெம்’ என்பது பிழை.

மேலும், இச்சொல்லில் ஏமாற்றிப் பிடிக்கும் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. விற்பனைப் பிரிவின் உள்கூட்டத்தில் இதைத் தாராளமாகப் பேசலாம். அதே வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதத்தில் ‘அட்ராக்ட்’ என்று எழுதுவதே நல்லது.