சாஷிகோ: துணி சுருங்காமல் தைக்கவும், பிறருக்குச் சொல்லித்தரவும்

கேள்வி: வீடியோ பார்த்து ஜப்பானிய சாஷிகோ தையல் பழகினேன். எங்கள் பகுதி நூலகத்தில் அடுத்த மாதம் பத்துப் பேருக்கு இரண்டு மணி நேரம் சொல்லித்தரக் கேட்டிருக்கிறார்கள். எனக்கே துணி சுருங்குகிறது. கோடுகள் சந்திக்கும் இடம் கசகசவென்று தெரிகிறது. ‘இது நம்ம ஓட்டுத் தையல்தானே, இதில் என்ன புதுசு?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு அர்த்தம் உண்டு என்று இணையத்தில் போடுகிறார்கள், அதைச் சொல்லலாமா? ஜப்பானோடு எந்தத் தொடர்பும் இல்லாத நான் இதைக் கற்றுத்தருவது முறையா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஆமாம், ஓட்டுத் தையல்தான். வகுப்பில் யாராவது கேட்டால் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஊசி மேலே வந்து கீழே போவதைத் தவிர சாஷிகோவில் வேறு வித்தை கிடையாது. கை அதை எப்படிச் செய்கிறது, அந்தத் தையலை எதற்காகப் போட்டார்கள் என்ற இரண்டில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் கையைப் பார்ப்போம். உங்கள் துணி சுருங்குவதற்கான காரணமும் அங்கேதான்.

எம்ப்ராய்டரி வளையத்தில் மாட்டித் தைக்கிறீர்கள் என்றால் அதைக் கழற்றி வையுங்கள். வளையத்தில் விறைப்பாக நிற்கும் துணியில் ஊசியை ஒவ்வொரு முறையும் தனியாகக் குத்தி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நூலை இழுப்பீர்கள், ஒவ்வொரு இழுப்பும் கொஞ்சம் இறுக்கும். சாஷிகோவில் ஊசி நகர்வதில்லை, துணிதான் நகர்கிறது. வலது கை ஊசியை அசையாமல் பிடித்திருக்கும். ஊசிக்காது இருக்கும் முனை, நடுவிரலின் அடியில் மாட்டிய விரலுறையின் தட்டில் முட்டிக்கொண்டிருக்கும். இடது கை துணியை மேலும் கீழுமாக மடித்து மடித்து ஊசி முனையில் ஏற்றும். ஐந்தாறு தையல் ஊசியில் சேர்ந்த பிறகுதான் நூலை இழுக்க வேண்டும். சாஷிகோ ஊசி சுமார் 5 செ.மீ. நீளமும் நல்ல விறைப்பும் கொண்டதாக இருப்பது இதற்காகத்தான். தட்டு வைத்த விரலுறை இங்கே எளிதில் கிடைக்காது. பழைய தோல் பர்ஸிலிருந்து ஒரு பட்டை வெட்டி, நடுவிரலின் அடியில் மோதிரம் மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டால் போதும். அதுவும் இல்லாமல் தைத்தால் அரை மணியில் உள்ளங்கை வலிக்கும்; பழகுபவர்கள் மறுபடி ஒவ்வொரு தையலாகக் குத்தத் தொடங்கிவிடுவார்கள்.

நூலை இழுத்த பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பல வீடியோக்கள் ஒரு நொடியில் காட்டிவிட்டுப் போகின்றன. வரிசையின் தொடக்கத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தையலின் மேல் வைத்து, முடிவு வரை துணியை நீவி விடுங்கள். குவிந்திருந்த துணி பரவிப் பழைய நீளத்துக்கு வரும், நூலும் தனக்குத் தேவையான அளவை எடுத்துக்கொள்ளும். இதை ஒவ்வொரு வரிசைக்கும் செய்ய வேண்டும். எல்லாம் தைத்து முடித்த பிறகு நீவினால் பயன் இல்லை. அதற்குள் அடுத்த வரிசை முந்தைய வரிசையைப் பூட்டிவிட்டிருக்கும். வரிசை முடிந்து திரும்பும் இடத்திலும் நூலை இறுக்காமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வாக விடுங்கள். ஓரம் மட்டும் உள்பக்கமாக வளைந்து வருகிறது என்றால் இந்தத் தளர்வு போதவில்லை.

துணியும் நூலும் பாதி வேலையைத் தீர்மானிக்கும். பாப்ளின், படுக்கை விரிப்புத் துணி போன்ற நெருக்கமான நெசவில் ஊசி ஏறாது. மல் துணி மெல்லியது, நூலின் கனத்தைத் தாங்காது. உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும் நடுத்தரமான காடாத்துணி இதற்கு மிகப் பொருத்தம். ஆனால் கஞ்சி போகும்படி ஒருமுறை நனைத்துத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். துவைக்காத துணியில் தைத்தால் முதல் துவைப்பில் துணி சுருங்கி, தையல்கள் தொளதொளவென்று மேலே தூக்கி நிற்கும். கருநீலத் துணி வாங்கினால் சாயம் போவது நிற்கும்வரை அலசுங்கள், இல்லையென்றால் வெள்ளை நூல் நீலமாகிவிடும். ஆறு இழை எம்ப்ராய்டரி நூல் பளபளக்கும், தட்டையாகப் பிரியும், அதைத் தவிர்க்கலாம். சாஷிகோ நூல் பளபளப்பில்லாத பருத்தி, பல இழைகள் தளர்வாக முறுக்கியது, பிரிக்காமல் அப்படியே கோப்பது. அது கிடைக்காவிட்டால் பேர்ல் காட்டன் என்ற முறுக்கு எம்ப்ராய்டரி நூலில் 8-ஆம் எண் சரியாக வரும். ஒரு தடவைக்கு இரண்டு முழத்துக்கு மேல் கோக்காதீர்கள். அதிக நீளமான நூல் துணிக்குள் பலமுறை போய்வந்து பஞ்சு பஞ்சாகிவிடும்.

கோடுகள் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். சாஷிகோவில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று, கோடுகளாகவும் வளைவுகளாகவும் ஓடும் மொயோ-ஸாஷி. இதில் மேலே தெரியும் தையல் சுமார் 3 மி.மீ., அடியில் போகும் இடைவெளி 2 மி.மீ.; மேல் தையல் அரிசி மணி மாதிரி இருக்க வேண்டும் என்பார்கள். கோடுகள் குறுக்கே வெட்டும் புள்ளியில் மேலே தையல் வரக் கூடாது. நான்கு பக்கத் தையல்களும் அந்தப் புள்ளிக்குச் சற்று முன்னால் நின்று, நடுவில் துளி இடம் காலியாகத் தெரிய வேண்டும். மூலையில் இதற்கு நேர்மாறு: ஊசி மூலைப் புள்ளியிலேயே இறங்கினால்தான் மூலை கூர்மையாக வரும். இரண்டும் அமைய, வெட்டும் புள்ளி நெருங்கும்போது இரண்டு மூன்று தையல் முன்பிருந்தே நீளத்தை மயிரிழை கூட்டியோ குறைத்தோ சரிக்கட்ட வேண்டும். கடைசித் தையலில் மட்டும் சரிசெய்தால் அது தனியாகக் கண்ணில் குத்தும். உங்களுக்குக் கசகசவென்று தெரிவது, நூல் மேல் நூல் ஏறி அந்த இடம் புடைத்துக்கொள்வதால்தான்.

இரண்டாவது வகை ஹிதொமெ-ஸாஷி. கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தையல் என்ற கணக்கில் போவது. இரண்டு மணி நேர வகுப்புக்கு இதையே எடுங்கள் என்பது எங்கள் உறுதியான ஆலோசனை. வளைவும் கிடையாது, தையல் நீளத்தைக் கண்ணளவில் பார்க்கவும் வேண்டாம்.

வகுப்புக்கு முன்பே நீங்கள் செய்துவைக்க வேண்டியது: ஒருவருக்கு 14 செ.மீ. சதுரத் துணி இரண்டு. நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, ஓரத்தில் 1 செ.மீ. விட்டுச் சுற்றித் தைத்து, 4 செ.மீ. திறப்பு வழியே திருப்பி, திறப்பை மூடினால் 12 செ.மீ. கோஸ்டர் (டம்ளர் வைக்கும் சிறு விரிப்பு) கிடைக்கும். அதன் நடுவில் 5 மி.மீ. கட்டங்கள், ஒரு பக்கத்துக்கு 17. கட்டத்தின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பது முக்கியம். 16 என்று போட்டால் ஒரு ஓரத்தில் தையல் முடியும், எதிர் ஓரத்தில் வெறும் இடைவெளி நிற்கும். நீரில் கரையும் நீலப் பேனாவால் வரைந்தால், குளிர்ந்த நீரில் அலசிக் கோடு முழுவதும் போன பிறகே இஸ்திரிப் பெட்டியைத் தொடச் சொல்லுங்கள். சூடு பட்டால் சில மைகள் துணியிலேயே தங்கிவிடும். வகுப்பில் வரையவைக்காதீர்கள், அதிலேயே அரை மணி போய்விடும்.

நூலின் நுனியில் சிறு முடிச்சு போட்டு, தொடங்கும் புள்ளியிலிருந்து 2 செ.மீ. தள்ளி மேல் துணிக்குள் மட்டும் ஊசியை விட்டு, தொடக்கப் புள்ளியில் எடுத்து, மெல்ல இழுத்தால் முடிச்சு இரண்டு துணிக்கும் நடுவே மறைந்துவிடும். பழக்கமுள்ளவர்கள் முடிச்சே போடாமல் மூன்று தையல்களைத் திரும்ப மேலேயே தைத்து நிறுத்துவார்கள். முதல் நாளில் அது வேண்டாம். முதல் கட்டத்தில் மேலே, அடுத்ததில் கீழே என்று போனால் ஒரு வரிசைக்கு மேலே 9 தையல் வரும். 18 கிடைக்கோடுகளையும் இப்படியே தைத்துவிட்டு 18 செங்குத்துக் கோடுகளைத் தொடங்க வேண்டும். எல்லா வரிசையும் முதல் கட்டத்தில் மேலே என்றே தொடங்கினால் தனித்தனிச் சதுரங்கள், மொத்தம் 81, கிடைக்கும். ஒரு வரி மேலே, அடுத்த வரி கீழே என்று மாற்றி மாற்றித் தொடங்கினால் அதே கட்டத்தில் படிக்கட்டு ஓடும். பாதிப் பேருக்கு முதலாவதையும் மீதிப் பேருக்கு இரண்டாவதையும் கொடுத்துவிட்டு, செங்குத்து வரிசைகள் ஏறும்போது ஒருவர் துணியை ஒருவர் பார்க்கச் சொல்லுங்கள். கிடைவரிசை மட்டும் இருக்கும்வரை ஒன்றும் புரியாது. செங்குத்தில் நான்காவது கோடு ஏறும்போது வடிவம் எழும்பும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. செங்குத்துத் தையல், கிடைத்தையல் போன அதே துளையில்தான் இறங்கும். அப்போது ஊசி பழைய நூலைக் கிழித்துக்கொண்டு போகக் கூடாது. போனால் நீவும்போது இரண்டும் சேர்ந்து சிக்கும். துளைக்குள் ஊசியை விடும்முன் பழைய நூலை நகத்தால் ஓரம் தள்ளச் சொல்லுங்கள். ஒரு கோஸ்டருக்கு 4 மீட்டர் நூல் ஒதுக்கினால் போதும். 20 மீட்டர் சிட்டம் ஒன்று ஐந்து பேருக்கு வரும், பத்துப் பேருக்கு, உபரியும் சேர்த்து, மூன்றாக வாங்கி வையுங்கள்.

இனி அர்த்தம். இங்கே உங்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்த விரும்புகிறோம். ‘ஒவ்வொரு தையலும் ஒரு பிரார்த்தனை’ என்ற மாதிரியான வரிகளை வகுப்பில் சொல்ல வேண்டாம். இந்தத் தையல் பிறந்தது பற்றாக்குறையில். ஹொன்ஷு தீவின் வடகோடியில், இன்றைய அவோமோரி மாநிலத்தின் மேற்குப் பாதியான சுகாருவில், குளிரால் பருத்தி விளையாது. 1724-ல் அங்கிருந்த ஆட்சி விவசாயிகளுக்கு விதித்த சிக்கன ஆணை பருத்தி ஆடையையும் தடுத்தது. அவர்களுக்கு மிஞ்சியது ஹெம்ப் செடியின் நாரில் நெய்த துணி. கண் கண்ணாக இருக்கும், பனிக்காற்று உள்ளே நுழையும். அந்தக் கண்களை நூலால் அடைத்துத்தான் துணியைக் கனமாக்கினார்கள். பின்னாளில் பருத்தி நூல் கைக்கு வந்தபோது, நீலத் துணியில் வெள்ளை நூலால் இழை எண்ணித் தைத்த கோகின் உருவானது. அதில் 1, 3, 5, 7 என ஒற்றைப்படையில் இழைகளை எண்ணுவார்கள், வைரவடிவம் நெட்டையாக வரும். கிழக்கே நான்பு பகுதியின் ஹிஷி-ஸாஷியில் இரட்டைப்படை; வைரம் அகலமாகப் படுக்கும். 1891-ல் அவோமோரி வரை ரயில் வந்து, பருத்தித் துணியும் எளிதாகக் கிடைக்கத் தொடங்க, கோகின் மங்கியது.

வகுப்பில் ஒரே ஒரு படம் காட்ட முடியுமானால், யமகதா மாநிலத்தின் ஷோனாய் பகுதியில் பனிச்சறுக்கு வண்டி இழுத்தவர்களின் கையில்லாச் சட்டையைக் காட்டுங்கள். ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்பு வரை சாய்வாக ஒரு அகலப் பட்டை, அதில் மட்டும் தையல் மிக நெருக்கமாக இருக்கும். வண்டியின் கயிறு அழுந்தும் இடம் அது. கண்ணுக்கு அழகாகத் தெரியும் பட்டைதான் தோளையும் துணியையும் காப்பாற்றியது. ‘இதில் என்ன புதுசு’ என்று கேட்பவருக்கு அந்தச் சட்டையே பதில். ஜப்பானின் எடோ காலத்து (1603–1868) தீயணைப்பு வீரர்களின் கோட்டும் இதே ரகம். பல அடுக்குப் பருத்தியைச் சேர்த்துத் தைத்து, தண்ணீரில் ஊறவைத்துப் போட்டுக்கொண்டு தீக்குள் போவார்கள். அடுக்குகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

டிசைன்களின் அர்த்தத்தில் உறுதியானதை மட்டும் சொல்லுங்கள். ஆறு முனை நட்சத்திரம் போன்ற அசானொஹா, ஹெம்ப் இலையின் வடிவம். அந்தச் செடி வேகமாகவும் நேராகவும் வளர்வதால் கைக்குழந்தையின் உடையில் போடுவார்கள். குழந்தையின் கிமோனோவுக்கு முதுகில் இணைப்புத் தையல் வராது. தையல் இல்லாத முதுகு வழியே கெட்டது நுழையும் என்று நம்பி, கழுத்துக்குக் கீழே காப்பாகச் சில தையல்கள் போடுவதும் உண்டு. ஆனால் அலை வடிவமும் பின்னிய வட்டங்களும் சாஷிகோவுக்கு மட்டும் உரியவை அல்ல, பட்டிலும் பீங்கானிலும் அரக்கு வேலையிலும் அவை உண்டு. அவற்றின் மங்கலப் பொருள் அந்த வடிவத்தோடு வந்தது, தையலோடு வந்தது அல்ல. இன்னொன்றும் சொல்லலாம்: கிழக்கு ஜப்பானில் பிப்ரவரி 8, மேற்கில் பெரும்பாலும் டிசம்பர் 8 அன்று உடைந்த ஊசிகளை மென்மையான டோஃபுவில் குத்தி வைத்து நன்றி சொல்லும் ஹரி-குயோ நடக்கிறது. தோக்கியோவின் அசாகுசாவில் சென்சோ-ஜி கோயில் வளாகத்தில் உள்ள அவாஷிமா மண்டபம் இதற்குப் பெயர்பெற்றது.

கற்றுத்தருவது முறையா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கற்றுத்தரலாம். இது ரகசியச் சடங்கு அல்ல, ஜப்பானில் நூலும் வரைந்த துணியும் சேர்த்துக் கடையில் விற்கும் வீட்டு வேலை. பெயரையும் ஊரையும் மறைக்காதீர்கள், அதுதான் நாங்கள் கேட்பது. ‘ஜப்பானியத் தையல்’ என்று பொதுவாகச் சொல்லாமல் ‘சாஷிகோ, இதில் ஹிதொமெ-ஸாஷி வகை’ என்று சொல்லுங்கள். துணி காடா, நூல் பேர்ல் காட்டன் என்று நீங்கள் மாற்றியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிழிசல் மேல் கிழிசல் ஒட்டிய பொரோ உடைகளைப் பற்றிக் கேட்டால், புதுத் துணியைக் கிழித்து ஒட்டி அப்படி ஆக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவற்றை உடுத்தியவர்களுக்கு அது வறுமையின் அடையாளம், வெளியே காட்டக் கூசியது. முழங்கை கிழிந்த சட்டை யாராவது கொண்டுவந்தால், உள்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்து, கிழிசலுக்கு வெளியே எல்லாப் பக்கமும் 2 செ.மீ. தாண்டும்படி வரிசையாகத் தைக்கக் காட்டுங்கள். வரிசைகளின் முனைகள் ஒரே கோட்டில் முடியாமல் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக நிற்கட்டும். ஒரே கோட்டில் நின்றால் அடுத்த கிழிசல் சரியாக அங்கேதான் விழும்.