கோர்ட் பாக்கி காட்டுகிறது, ஓட்டுப் போடலாமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ஃபுளோரிடாவில் ஒரு மோசடி வழக்கில் ஃபெலனி (கடுமையான குற்றம்) தண்டனை பெற்று, ப்ரொபேஷனையும் (சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருக்கும் காலம்) முடித்துவிட்டார். கோர்ட் இணையதளம் இன்னும் 400 டாலர் பாக்கி என்கிறது. வாக்காளராகப் பதியலாமா?

பதில்: அந்த 400 டாலர் எதற்கானது என்று முதலில் பாருங்கள். 2018 நவம்பரில் ஃபுளோரிடா மாநில அரசியலமைப்பில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 4ஆம் எண் திருத்தப்படி, சிறை, பரோல், ப்ரொபேஷன் எல்லாம் முடித்தவருக்கு ஓட்டுரிமை தானாகத் திரும்பும். கொலை, பாலியல் ஃபெலனி குற்றங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அந்தக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் ஆளுநரும் அமைச்சரவையும் அடங்கிய கருணை வாரியத்திடம்தான் மனுப் போட வேண்டும். 2019 சட்டம் அபராதம், கோர்ட் கட்டணம், இழப்பீடு மூன்றையும் தண்டனையின் பகுதியாக்கியது. கடனைக் கட்ட முடியாதவரின் ஓட்டைப் பறிப்பது அநியாயம்தான். ஆனாலும் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 6-4 என்று உறுதி செய்துவிட்டது.

தண்டனை விதித்த நாளில் உத்தரவில் எழுதப்பட்ட தொகை மட்டுமே கணக்கு. பின்னால் ஏறிய வட்டி, வசூல் ஏஜென்சியின் கமிஷன் (40 சதவீதம் வரை போகும்) சேராது. இணையதளமோ எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும். தண்டனை வழங்கிய கவுண்டியின் கோர்ட் கிளர்க்கிடம் தண்டனை உத்தரவின் நகலையும் முழுக் கட்டண விவரத்தையும் வாங்குங்கள். உத்தரவில் 1,200 டாலர் இருந்து, அவர் வழக்குக்காக இதுவரை கட்டியது 1,200ஐத் தொட்டிருந்தால், அதில் கொஞ்சம் கமிஷனுக்குப் போயிருந்தாலும், ஓட்டுரிமையைப் பொறுத்தவரை கடன் தீர்ந்தது. கட்டிய ஒவ்வொரு டாலரையும் வரவு வைப்பது என்பதே மாநிலம் ஏற்ற முறை. இழப்பீட்டை நேரில் கொடுத்திருந்தால் ரசீதைத் தேடி எடுங்கள். கிளர்க்கின் கணக்கில் அது பதிவாகாமல் இருக்கலாம். உண்மையிலேயே பாக்கி இருந்தால், அதைச் சமூக சேவையாக மாற்றித் தரும்படி நீதிபதியிடம் கேட்கலாம்.

சந்தேகம் இருந்தால் மாநிலத் தேர்தல் பிரிவிடம் எழுத்துமூலக் கருத்து கேளுங்கள். விவரங்களை மறைக்காமல் கேட்டு, அதை நம்பி ஓட்டுப் போட்டவர் மீது குற்றவழக்கு நிற்காது. வாக்காளர் அட்டை வந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். தகுதி இல்லாமல் ஓட்டுப் போட்டதாக 2022 ஆகஸ்டில் ஃபுளோரிடாவில் கைதானவர்களில் பலரிடமும் அட்டை இருந்தது.

வேறு மாநிலத் தண்டனை என்றால், அங்கே ஓட்டுரிமை திரும்பியிருந்தால் இங்கும் உண்டு. கிரீன் கார்டு மட்டும் உள்ளவர்கள் பதிவுப் படிவத்தைத் தொடவே கூடாது; நாடு கடத்தல் வரை போகும். பதிவுக்குக் கடைசி நாள், தேர்தலுக்கு 29 நாள் முன்பு.