தனியாட்டம் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் பிரச்சினை சின்னதுதான். ஆனாலும் சில மாதங்களாக உறுத்துகிறது.

கல்லூரி நாட்களிலிருந்தே நாங்கள் ஐந்து பேர் இரவில் ஒன்றாக ஆன்லைனில் ஆடுவோம். ஐவர் அணி, ரேங்க் மேட்ச். மூன்று வருடம் ஆடியும் என் ரேங்க் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வந்தது. மேட்ச் முடிந்து படுத்தால் தூக்கம் வராது. எங்கே கோட்டைவிட்டேன் என்று மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வருடம் நிறுத்திவிட்டேன். இப்போது தனியாக ஆடும் கேம்கள் மட்டும்தான். ஒரு பெண் மலையேறும் செலஸ்ட் முடித்தேன். விண்வெளியில் கோள் கோளாகப் போய்த் தேடும் அவுட்டர் வைல்ட்ஸ் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். ரொம்ப நாள் கழித்து விளையாடுவதே சந்தோஷமாக இருக்கிறது.

நண்பர்கள் விடுவதாக இல்லை. "தோத்துடுவோம்னு பயந்து ஓடிட்டான்" என்கிறார்கள். "கம்ப்யூட்டர்கிட்ட ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்கிறார்கள். "யாருமே இல்லாம தனியா உட்கார்ந்து என்னத்தடா ஆடுற?" என்று ஒருவன் கேட்டான். அது மட்டும் தைத்துவிட்டது. கேம் என்பதே ஆரம்பத்தில் தனியாக ஆடுவதாகத்தான் இருந்திருக்கும், மல்டிபிளேயர் பின்னால் வந்து மனிதர்களைக் கெடுத்துவிட்டது என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. நான் உண்மையிலேயே ஓடிவந்தவன்தானா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் வாதம் எடுபடாததில் ஆச்சரியமில்லை. அது சரியான வாதம் அல்ல. முதலில் அதைத் தள்ளிவைத்துவிடுவோம். 1958-இல் வில்லியம் ஹிகின்போதம் தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னத் திரையில் டென்னிஸ் ஆடவைத்தார். அது இரண்டு பேர் ஆடுவது. 1962-இல் வந்த ஸ்பேஸ்வாரில் இரண்டு கப்பல்கள், இரண்டு பேர். 1972-இல் வந்த பாங் என்ற ஆட்டமும் அப்படித்தான். ஆரம்பகால வீடியோ கேம்கள் பலவும் மனிதனுக்கு எதிரே மனிதன் என்றுதான் இருந்தன. அது மனிதனைக் கெடுக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். எதிரே இருப்பவன் அடுத்து என்ன செய்வான் என்று நான் ஊகிக்க, நான் ஊகித்ததை அவன் ஊகிக்க, அந்த ஒரு நொடியில் கிடைக்கும் சிலிர்ப்பு உண்மையானது. நானும் அதை அனுபவித்திருக்கிறேன். உங்கள் நண்பர்கள் அதை விட்டுக்கொடுக்காமல் பேசுவது நியாயம்தான்.

ஆனால் பயந்து ஓடியவன் என்பதை ஏற்க முடியாது.

உங்கள் ரேங்க் மூன்று வருடம் நகராமல் நின்றதை ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். ரேங்க் கணக்குகளுக்கு மூலம் ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காகப் போட்ட கணக்கு. உலக சதுரங்கக் கூட்டமைப்பு அதை 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவரின் எண்ணும் சமமாக இருந்தால் ஆளுக்குப் பாதி வெற்றி. ஒருவருக்கு 400 புள்ளி கூடுதல் என்றால், ஏறக்குறைய அவர் பத்து முறை ஜெயிக்கும்போது மற்றவர் ஒருமுறை ஜெயிப்பார். இந்த யோசனையின் வழியில் வந்தவைதான் இன்றைய ரேங்க் முறைகள் பலவும். உங்கள் எண்ணுக்கு ஏறக்குறைய சமமான எண் உள்ளவர்களைத் தேடிப்பிடித்து எதிரே நிறுத்துகின்றன. அது ஒழுங்காக வேலை செய்தால் நீங்கள் பாதி மேட்ச் தோற்பீர்கள். நன்றாக ஆடக் கற்றுக்கொண்டால் நன்றாக ஆடுபவர்கள் எதிரே வருவார்கள், மறுபடியும் பாதி தோற்பீர்கள். அதோடு, எல்லோரும் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் முன்னேறாமல் இருந்திருந்தால் மூன்று வருடத்தில் உங்கள் எண் சரிந்திருக்கும். ஒரே இடத்தில் நிற்பதற்கே நீங்கள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

அடுத்தது தோல்வி பயம். செலஸ்ட் முடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எத்தனை முறை செத்தீர்கள்? அந்த ஆட்டம் கணக்கு வைத்திருக்கும், போய்ப் பாருங்கள். எனக்கு ஆயிரத்தைத் தாண்டியது. தோல்விக்குப் பயந்தவன் அந்த மலையில் இரண்டாவது அத்தியாயத்தைத் தாண்ட மாட்டான். ஆனால் அந்தச் சாவுகளுக்குப் பிறகு நீங்கள் தூக்கம் வராமல் புரண்டிருக்க மாட்டீர்கள். ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். முள் அதே இடத்தில் இருக்கிறது. பாறை அதே வேகத்தில் விழுகிறது. நாற்பதாவது முறை தாண்டிவிட்டோம் என்றால் மாறியது நாம் மட்டும்தான் என்று சந்தேகமில்லாமல் தெரிகிறது. மேட்சில் அது தெரிவதில்லை. இன்று ஜெயித்தது நாம் நன்றாக ஆடியதாலா, எதிரணியில் ஒருவனுக்கு இணையம் அறுந்ததாலா? தோற்றதற்குக் காரணம் நாமா, நம் டீமில் கோபித்துக்கொண்டு சும்மா நின்றவனா? பதில் கிடைக்காத கேள்வியைத்தான் மனசு ராத்திரியில் எடுத்து வைத்துக்கொண்டு உருட்டுகிறது.

சரி, அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "யாருமே இல்லாம தனியா என்னத்த ஆடுற?" உங்களைத் தைத்த அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

வில் க்ரௌதர் என்று ஒரு புரோகிராமர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டை உருவாக்கிய குழுவில் வேலை பார்த்தவர். அவருக்கு இன்னொரு பித்து, குகைகள். கென்டக்கியின் மாமத் குகைக்குள் மனைவியோடு சேர்ந்து தவழ்ந்து, அளந்து, வரைபடம் போட்டவர். பிறகு அவர்களுக்கு மணமுறிவு ஆயிற்று. குகைக்குப் போவதும் நின்றது, மகள்களும் எப்போதும் கூட இல்லை. 1970-களின் நடுவில் அவர் ஒரு கேம் எழுதினார். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். நீங்கள் ஒரு சாலையின் முடிவில், ஒரு சின்னச் செங்கல் கட்டடத்தின் முன்னால் நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். ஓரிரு சொல்லில் கட்டளையிட வேண்டும். ஒரு குகையைத் தேடி உள்ளே போகலாம், விளக்கு ஏற்றலாம், தொலைந்தும் போகலாம். மகள்கள் வரும்போது ஆடட்டும் என்று எழுதியது. உள்ளே இருந்தது அவர் அளந்த அதே குகையின் ஒரு பகுதி. 1977-இல் டான் வுட்ஸ் என்பவர் அதை விரித்து எழுதினார். அட்வெஞ்சர் கேம் என்ற வகைக்கே பெயர் கொடுத்தது அதுதான்.

கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலையில் இருந்த மனிதர் அவர். தன் பிள்ளைகளுக்கென்று செய்தபோது, தனியாக நடந்து பார்க்கும் ஒரு குகையைச் செய்தார். அந்தப் பெண்கள் அதை ஆடியபோது யாருமே இல்லாமலா ஆடினார்கள்? ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா முன்கூட்டியே போய் நின்றிருக்கிறார். இங்கே இவள் விளக்கை மறந்துவிடுவாள், இங்கே பயப்படுவாள், இங்கே சிரிப்பாள் என்று நினைத்து நினைத்து வைத்திருக்கிறார்.

தனியாட்டத்தில் நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைச் செய்தவர். அவர் விசித்திரமான எதிராளி. நம்மை நூறு முறை தோற்கடிப்பார், ஆனால் கடைசியில் நாம் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் அவருக்கும் ஆசை. செலஸ்டில் உதவி முறை என்று ஒன்று உண்டு, கவனித்தீர்களா? ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், களைப்பே வராமல் வைத்துக்கொள்ளலாம், சாகாமலும் இருக்கலாம். இவ்வளவு கடினமாகச் செய்தவர்களே, முடியாதவர்களும் உச்சிக்கு வந்து சேரட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மேட்சில் எதிரே இருப்பவன் இதைச் செய்ய முடியாது. செய்தால் அது ஆட்டமே இல்லை. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இரண்டும் வேறு வேறு உறவுகள்.

ஸ்டார்டூ வேலி என்ற பண்ணை ஆட்டத்தை எரிக் பரோன் ஒருவரே நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தார். படம், இசை, எழுத்து எல்லாம் அவர்தான். 2016-இல் வந்தது. அதில் ஒலிக்கும் ஒரு மெட்டைக் கேட்டுக்கொண்டு நான் வேலை எதுவும் செய்யாமல் நின்றிருக்கிறேன். ஒரு மனிதர் தன் அறையில் இதற்காகச் செலவழித்த இரவுகளில் ஒன்றுக்குள் நான் நிற்கிறேன் என்று தோன்றியது. அதைத் தனிமை என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. ராத்திரி வேளை என் பொறுப்பு. அப்போது நானும் ஐவர் அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். மேட்ச் நடுவில் உள்ளறையிலிருந்து அப்பா கூப்பிட்டார். "இதோ வந்துட்டேன்ப்பா" என்றேன். பாதியில் எழுந்தால் நான்கு பேரின் ஆட்டம் கெடும், ரேங்கும் குறையும். ஹெட்போனில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் ஆகிவிட்டது. போய்ப் பார்த்தபோது அப்பா தானே போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மருந்து கண்ணில் விழாமல் கன்னத்தில் வழிந்து காதோரம் காய்ந்திருந்தது. "போட்டுட்டேன், நீ போ" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. அன்று ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கன்னம் நினைவிருக்கிறது.

அதே மாதத்தில் செலஸ்ட் தொடங்கினேன். ஒரு தாவலின் நடுவில் அப்பா கூப்பிட்டார். பாஸ் பட்டனை அழுத்திவிட்டுப் போனேன். மருந்து போட்டேன். கண்ணை மூடியபடியே அவர் பழைய கதை ஒன்றைத் தொடங்க, கட்டிலிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வர முக்கால் மணி நேரமாயிற்று. அந்தப் பெண் அப்படியே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கீழே முள், மேலே முள். அந்தரத்தில் பாயக் கிடைக்கும் பாய்ச்சலை ஏற்கெனவே செலவழித்துவிட்டதால் தலைமுடி நீலமாக இருந்தது. ஒரு கை எட்ட வேண்டிய தூரத்தில் பாறை விளிம்பு. நான் வரும்வரை அவள் விழவும் இல்லை, போய்ச் சேரவும் இல்லை.

எனக்குத் தனியாட்டம் ஏன் பிடிக்கும் என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தப் படம்தான் முன்னால் வருகிறது.

இதையெல்லாம் சொன்னதற்காகத் தனியாட்டத்தில் மட்டும் நம்மை யாரும் விரட்டுவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான சாதனைப் புள்ளிகள் வந்தன. அப்புறம் நூறு சதவீதம் முடித்தேன், எல்லாக் கோப்பையும் எடுத்தேன் என்ற ஓட்டம் தொடங்கியது. வரைபடம் முழுக்கச் சின்னச் சின்னக் குறிகளை இறைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லும் ஆட்டங்களை நான் பாதியில் விட்டுவிடுகிறேன். நீங்களும் தயங்காமல் விடலாம். இன்னொன்று, தனியாக ஆட முடிகிற ஆட்டமே ஆனாலும் சர்வர் இல்லாமல் திறக்காது என்றால் யோசித்து வாங்குங்கள். 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் ஓட்டும் ஆட்டத்துக்கு 2024-இல் சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள்கூடத் தனியாக ஓட்டிப்பார்க்க வழியில்லாமல் போயிற்று.

நண்பர்களைப் பற்றி. அவர்களை வாதத்தில் ஜெயிக்கப் போகாதீர்கள். கேலிக்கு அடியில் அவர்களுக்கும் ஒரு வருத்தம் இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஐந்து பேரில் ஒருவர் குறைந்தால் அந்த இடத்தில் முகம் தெரியாத யாரோ வந்து உட்கார்கிறார். "நீ இல்லாமல் நன்றாக இல்லை" என்பதை அந்த வயதில் ஆண்கள் பெரும்பாலும் கேலியாகத்தான் சொல்கிறார்கள். ரேங்க் இல்லாத சாதாரண மேட்ச் ஒன்றுக்கு எப்போதாவது போய்வாருங்கள். அல்லது "யாருமே இல்லாம" என்று கேட்டவரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னை ஒரே திரையில் இருவரும் சேர்ந்து ஆடிப் பாருங்கள். லூகாஸ் போப் செய்தது, 2018. ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பல், 60 பேர், ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் அது ஒத்துக்கொள்ளும். கன்ட்ரோலர் ஒருவர் கையில், குறிப்பு நோட்டு இன்னொருவர் கையில். "அவன் தொப்பியைப் பார்றா" என்று அவர் எட்டிப் பார்த்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

அவுட்டர் வைல்ட்ஸ் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. 22 நிமிடத்துக்கு ஒருமுறை என்ன நடக்கிறது என்று இதற்குள் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் ஆயுதம் சேர்வதில்லை, பலம் கூடுவதில்லை, தெரிந்துகொள்வது மட்டும்தான் சேர்கிறது. அதனால் ஒருவர் அதை ஒருமுறைதான் ஆட முடியும். எனக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. எங்கேயாவது மாட்டிக்கொண்டால் வீடியோ பார்க்காதீர்கள், யாரிடமும் கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள். கப்பலை எடுத்துக்கொண்டு வேறொரு கோளுக்குப் போங்கள். முடித்த அன்று, எவ்வளவு நேரமானாலும் சரி, எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்