பழைய கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. கல்முனையில் தட்டச்சுக் கடை நடத்துகிறேன், லினக்ஸுக்கு மாறலாமா?

தாராளமாக மாறுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அதற்காக, நன்றாக ஓடுகிற இயந்திரத்தை ஒதுக்கச் சொல்வது அநியாயம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு போதும்.

உங்கள் பெரிய கவலை பாமினி எழுத்துருவாகத்தான் இருக்கும். கல்யாண அழைப்பிதழையும் மரண அறிவித்தலையும் அதில் அடித்தே கை பழகியிருக்கும். பயப்படாதீர்கள். அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால், லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஆங்கில விசைப்பலகையிலேயே அடிக்கலாம். ‘எம்’ விசைக்கு ‘அ’, ‘கே’ விசைக்கு ‘ம’ என்று எல்லாம் பழையபடியே விழும்.

போட்டோஷாப் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அது இல்லாமல் முடியாதென்றால், ஒரு கணினியில் மட்டும் விண்டோஸை விட்டு, இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நிறுவுமுன் யுஎஸ்பியிலிருந்து மின்ட்டை இயக்கி, உங்கள் பிரிண்டர் அச்சிடுகிறதா என்று பாருங்கள்.