ஃப்ரீலான்ஸ் வருமானத்துக்கு வரி குறைய எல்.எல்.பி. அல்லது கம்பெனி தொடங்கலாமா?

கேள்வி: வேலையை விட்டுவிட்டுத் தனியாக மென்பொருள் எழுதித் தருகிறேன். ஆண்டுக்கு 30 லட்சம் வரை வருகிறது. தனிநபராக இருந்தால் வரி அதிகம், எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம்) அல்லது கம்பெனி ஆரம்பி என்கிறார்கள். செய்யலாமா?

வரிக்காக மட்டும் என்றால் வேண்டாம். இந்த வருமானத்தில் எல்.எல்.பி. தொடங்கினால் உங்கள் வரி கூடத்தான் செய்யும். நானும் இதே தொழிலில் தனிநபராக இருப்பவன். இந்தத் தவறான அறிவுரை திரும்பத் திரும்ப எல்லோருக்கும் சொல்லப்படுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

வருமான வரிச் சட்டத்தில் 44ஏ.டி.ஏ. என்று ஒரு பிரிவு 2016-17 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. மருத்துவர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் உரியது. தகவல் தொழில்நுட்பமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். நமக்கெல்லாம் பணம் வங்கி வழியாகத்தான் வருகிறது, ஆகவே 75 என்றே வைத்துக்கொள்ளலாம். கணக்குப் புத்தகம் வேண்டாம், ஆடிட் வேண்டாம். ஆண்டு முடியும் முன்பே கட்டும் அட்வான்ஸ் டாக்ஸும் நான்கு தவணை கிடையாது, மார்ச் 15-க்குள் ஒரே தவணை.

உங்கள் 30 லட்சத்தை இதில் போட்டுப் பாருங்கள். வரிக்குரிய வருமானம் 15 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதப்படி வரி 1,05,000, செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) சேர்த்து 1,09,200 ரூபாய். அவ்வளவுதான். இந்திய வாடிக்கையாளர்கள் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடித்தால் 3 லட்சம் ஏற்கெனவே போயிருக்கும், மிச்சம் உங்களுக்குத் திரும்ப வரும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பிடிக்க மாட்டார்கள் என்பதால் அந்தப் பணத்துக்கு மார்ச் 15 முக்கியம்.

இப்போது எல்.எல்.பி. இந்தச் சலுகை எல்.எல்.பி.க்குக் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. பெரும்பாலானவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. உண்மைச் செலவு 4 லட்சம் என்று வைத்தால் லாபம் 26 லட்சம். அதில் பங்குதாரர் ஊதியமாக 17.4 லட்சம் வரை கழிக்கலாம். மீதி 8.6 லட்சத்துக்குச் செஸ்ஸோடு 31.2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,68,000 ரூபாய். அந்த ஊதியத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரி தனி. வீட்டுக்காரரையோ மனைவியையோ பங்குதாரராக்கி ஊதியத்தைப் பிரிக்கலாம் என்பார்கள். அந்த வேலைக்கான தொழில் தகுதி அவருக்கு இல்லாவிட்டால் அந்த ஊதியமும் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படும். வரவு 40 லட்சத்தைத் தாண்டினால் எல்.எல்.பி.க்கு ஆடிட்டும் வந்துவிடும்.

கம்பெனிக்கு 22 சதவீத விகிதம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் அது 25.168. நீங்கள் ஒருவரே சம்பளம் எடுத்தால், சம்பளத்தையும் லாபத்தையும் எப்படி மாற்றிப் பிரித்தாலும் மொத்தம் 3 லட்சத்தைத் தாண்டும். லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் இன்னொரு தடவை வரி. ஒருநபர் கம்பெனியானாலும் ஆண்டுதோறும் ஆடிட் கட்டாயம், ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தனியார் கம்பெனிப் பணத்தை அவசரத்துக்குக் கடனாக எடுத்துக்கொள்ளலாம் என்று பங்குதாரர் நினைத்தால், சட்டம் அதையும் டிவிடெண்டாகவே பார்க்கும்.

தனிநபராக இருப்பதிலும் குறை உண்டு. பாதி வருமானம் மட்டும் காட்டினால் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அந்தப் பாதியைத்தான் பார்க்கும். கடன் வாங்கும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே கூடுதலாகக் காட்டலாம், தடையில்லை. 20 லட்சத்தைத் தாண்டியதால் ஜி.எஸ்.டி. பதிவு எப்படியும் வேண்டும், அதற்குத் தனிநபர், கம்பெனி என்ற வித்தியாசமே இல்லை. தமிழ்நாட்டில் இருந்தால் உள்ளாட்சிக்குத் தொழில் வரியும் உண்டு, அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய். ஃப்ரீலான்ஸர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் எப்போதுதான் கம்பெனி தொடங்குவது? ஆட்களை வேலைக்கு வைத்து, செலவே வரவில் பாதியைத் தாண்டும்போது. அல்லது வரவு 75 லட்சத்தைக் கடக்கும்போது. வேறொருவரோடு சேர்ந்து தொழில் செய்யும்போது, வெளியிலிருந்து முதலீடு வாங்கும்போதும்தான். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது பொறுப்பு. மருத்துவமனை, வங்கி போன்றவர்களுக்கு மென்பொருள் எழுதித் தந்து அது பழுதாகி நஷ்டஈடு கேட்டால், தனிநபராக இருப்பவரின் வீடும் சேமிப்பும் சேர்ந்தே மாட்டும். ஒப்பந்தத்தில் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு போட வாடிக்கையாளர் மறுத்தால், வரி இரண்டு லட்சம் கூடினாலும் கம்பெனி வழியாகவே கையெழுத்துப் போடுவேன்.

மாறுவதென்றால் ஏப்ரலில் மாறுங்கள். நடு ஆண்டில் மாறினால் ஒரே ஆண்டுக்கு இரண்டு கணக்கு, இரண்டு தாக்கல், பழைய பான் எண்ணில் பிடித்த டி.டி.எஸ். என்று இழுத்தடிக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டரிடம் பேசும்போது எண்ணைச் சொல்லாமல், பாதி வருமானத்தை லாபமாகக் காட்டும் முறை என்றே கேளுங்கள்.