நடுக்கடலில் திணறும் இன்ஜின்

கேள்வி: அலை கூடினாலே என் விசைப்படகின் இன்ஜின் திணறுகிறது. டேங்க் பக்கத்திலேயே 2 மைக்ரான், அதாவது ரொம்ப நுண்ணிய துளையுள்ள டீசல் ஃபில்டர் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாங்க. டேங்க் அடியில் கிடக்கும் கசடும் தண்ணீரும் அலையில் கலங்கி வருகிறது, அதன் முன்னால் 2 மைக்ரானை வைத்தால் சீக்கிரமே அடைத்துக்கொண்டு, பம்ப் இழுக்க முடியாமல் மறுபடி அதே திணறல்தான். முதலில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் வைத்த ஃபில்டர், 10 அல்லது 30 மைக்ரானில். நுண்தூசியை இன்ஜினோடு வந்த ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். ஃபில்டர் எவ்வளவு டீசலை விட வேண்டும் என்று பார்க்கும்போது எரியும் டீசலை மட்டும் கணக்கிடாதீர்கள். எரியாமல் ரிட்டர்ன் பைப்பில் டேங்குக்குத் திரும்புவதும் முதலில் இதன் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகிறது. கையில் காசு இருந்தால் இரண்டு ஃபில்டர், நடுவில் ஒரு வால்வு. ஒன்று அடைத்தால் இன்ஜினை நிறுத்தாமலே மற்றதுக்கு மாற்றலாம். என்னைக் கேட்டால் கடலுக்குப் போகிறவருக்கு இது ஆடம்பரமே இல்லை.

அப்புறம், கிளம்பும் முன் கிண்ணத்தைப் பாருங்கள். டீசலுக்குக் கீழே கோடு பிரிந்து தெரிவது தண்ணீர், திறந்து விடுங்கள். கறுப்பாக வழவழவென்று வந்தால் டேங்கில் கிருமி வளர்கிறது. டேங்கைக் கழுவாமல் எந்த ஃபில்டர் போட்டும் பயனில்லை.