கேள்வி – பதில்: யு.எக்ஸ். படிக்க எந்தப் புத்தகம், எந்தக் கருவி, எந்தத் தளம்?

பயனர் அனுபவ வடிவமைப்பு கற்க டான் நார்மன் எழுதிய புத்தகத்தில் தொடங்கச் சொன்னார்கள். இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் நகர முடியவில்லை. எளிதாக வேறு ஏதாவது உண்டா?
– வாசகி, ஈரோடு

ஸ்டீவ் க்ரக்கின் 'டோன்ட் மேக் மீ திங்க்' உங்களுக்குப் பொருந்தும். 2000-இல் முதலில் வந்தது. செல்போன் திரைகளைப் பற்றிய அத்தியாயம் வேண்டுமென்றால் 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய புத்தகம், ஒரு ரயில் பயணத்தில் முடிந்துவிடும். இணையப் பக்கத்தை யாரும் வரிவரியாக வாசிப்பதில்லை, கண்ணில் பட்டதைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற ஒன்றை மனதில் ஆழப் பதிய வைக்கிறது. எடுத்துக்காட்டுகள் பழசு, பெரும்பாலும் அமெரிக்கத் தளங்கள். அது ஒன்றுதான் குறை.

அதற்காக நார்மனைக் கைவிட்டுவிடாதீர்கள். 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' 1988-இல் வேறு தலைப்பில் வந்து, 2013-இல் திருத்திய பதிப்பாக வெளியானது. பழைய புத்தகக் கடையில் எடுத்தால் ஆண்டைப் பார்த்து எடுங்கள். திருத்திய பதிப்பின் ஐந்தாம் அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு முன்பக்கங்களுக்குத் திரும்புங்கள். கைத்தவறுதல் வேறு, தவறாகப் புரிந்துகொள்வது வேறு என்று அங்கே அவர் பிரித்துக் காட்டுவது இந்தத் துறையின் அடித்தளம். நம் யு.பி.ஐ. செயலியில் வைத்துப் பாருங்கள். 500 அனுப்ப நினைத்தவர் 5000 என்று தட்டிவிட்டால் அது கைத்தவறுதல். அனுப்பும் முன் 'ஐயாயிரம் ரூபாய்' என்று எழுத்தில் பெரிதாகக் காட்டினால் அவரே கண்டுபிடித்துவிடுவார். பணம் வரப்போகிறது என்று நம்பி, மோசடிக்காரர் அனுப்பிய பணக் கோரிக்கைக்கு (தனிநபர்கள் இப்படிக் கோரும் வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது) ரகசிய எண் போட்டவர் செய்தது இரண்டாம் வகை. அவரிடம் 'உறுதியா?' என்று கேட்டுப் பயன் இருந்திருக்காது, உறுதியாகத்தான் இருந்தார். 'ரகசிய எண் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்' என்று அந்தத் திரையே சொல்லியிருக்க வேண்டும். எல்லாத் தவறுக்கும் ஒரே 'உறுதியா?' பெட்டியை வைக்கும் பழக்கம் இந்த வேறுபாடு தெரியாததால் வருவது.

ஒரு செயலியை ஐந்து பேரிடம் சோதித்தால் அதன் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று பல தளங்களில் படிக்கிறேன். எங்கள் மேலாளர் 'ஐந்து பேரை வைத்து எதைச் சொல்ல முடியும்?' என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், மதுரை

இருவரும் பாதி சரி. அந்த எண் எப்படி வந்தது என்று தெரிந்தால் சண்டை தீரும்.

பயனர் சோதனை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதிய கட்டுரையிலிருந்து அது பரவியது. அடிப்படைக் கணக்கு அவரும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்டது. ஒரு குறையில் ஒரு பயனர் இடறும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று அவர்கள் பார்த்த திட்டங்களில் தெரிந்தது. அப்படியானால் இடறாமல் போகும் வாய்ப்பு 0.69. ஐந்து பேருமே இடறாமல் தப்பிக்கும் வாய்ப்பு, 0.69-ஐ ஐந்து முறை பெருக்கினால், ஏறக்குறைய 0.16. மீதம் 84 சதவீதம். அதுதான் 85 என்று புழங்குகிறது.

இதில் 31 என்பது சராசரி என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பத்தில் ஒருவரை மட்டும் தடுக்கும் குறையாக இருந்தால் ஐந்து பேரில் அது தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். பணம் கட்டும் இடத்தில் அப்படி ஒரு குறை ஒளிந்திருந்தால் பெரிய நஷ்டம். ஆகவே ஐந்து பேரோடு நிறுத்தக் கூடாது. ஐவரிடம் பார்த்து, கண்டதைச் சரிசெய்து, புதிதாக வேறு ஐவரிடம் பாருங்கள். கையில் 15 பேர் இருந்தால் மூன்று சுற்றாகப் பிரிக்கச் சொல்லி நீல்சனே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுகிற பலர் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் ஒரே செயலியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று, நான்கு பேராவது வேண்டும்.

உங்கள் மேலாளர் சரியாக இருக்கும் இடம் வேறு. 'புதிய திரையில் 20 சதவீதம் வேகம் கூடியது' போன்ற முடிவை ஐந்து பேரை வைத்துச் சொல்லவே கூடாது. ஐந்து பேர் குறையைக் கண்டுபிடிக்கப் போதும், அளந்து சொல்லப் போதாது.

எண் எதுவானாலும், சோதனை கெடுவது பெரும்பாலும் நாம் கொடுக்கும் வேலையின் சொற்களால்தான். '"முன்பதிவை ரத்து செய்" பொத்தானை அழுத்துங்கள்' என்றால் அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்திவிடுவார், நமக்கு ஒன்றும் தெரியாது. 'வெள்ளிக்கிழமை ஊருக்குப் போக முடியவில்லை. கட்டிய பணம் திரும்ப வேண்டும். என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். திரையில் உள்ள சொல் எதுவும் உங்கள் வாயில் வரக் கூடாது. தொடங்கும் முன், 'உங்களைச் சோதிக்கவில்லைங்க, இந்தத் திரையைத்தான் சோதிக்கிறோம்' என்று சொல்லிவிடுங்கள். நம் ஊரில் முகம் கோணக் கூடாதென்று 'நல்லா இருக்கு' என்றே முடிப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ள வேண்டாம். விரல் எங்கே தயங்கியது, எத்தனை முறை பின்னால் போனார் என்பதைக் குறியுங்கள். அவர் திணறும்போது 20 வினாடி பேசாமல் இருப்பது கஷ்டம், ஆனால் அந்த 20 வினாடியில்தான் விஷயம் இருக்கிறது.

முடிந்தபின் மதிப்பெண் வேண்டுமென்றால் ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்.யு.எஸ். வினாத்தாள் (பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரிடமே கேட்பது) போதும், காசு கிடையாது. 10 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. ஒற்றைப்படைக் கூற்றுகளில் கொடுத்த எண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள். இரட்டைப்படைக் கூற்றுகளில் 5-லிருந்து கொடுத்த எண்ணைக் கழியுங்கள். கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். இது சதவீதமல்ல. 68 என்பதே சராசரி, ஆகவே 60 வாங்கிவிட்டு முதல் வகுப்பு என்று மகிழ வேண்டாம். இரட்டைப்படைக் கூற்றுகள் எல்லாம் குறை சொல்பவை. தமிழாக்கும்போது அவற்றை நேர்மறையாக மாற்றிவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

திரை வடிவமைக்கும் கருவியான ஃபிக்மாவுக்கு டாலரில் கட்ட வழியில்லை. இலவசமாக எது நல்லது? தமிழ்த் திரைகள்தான் அதிகம் செய்கிறேன்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பென்பாட். திறந்த மூலக் கருவி, உலாவியிலேயே ஓடும், விரும்பினால் சொந்தக் கணினியிலும் நிறுவலாம். ஃபிக்மாவிலும் இலவசத் திட்டம் இருக்கிறது, குழுவாகப் பகிரும் கோப்புகளுக்குத்தான் வரம்பு. தனியாகப் பழகுவதற்கு அதுவே போதும். பழைய பாடங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இன்விஷன் என்ற வடிவமைப்புக் கருவி 2024 இறுதியோடு மூடப்பட்டது, அடோபி எக்ஸ்.டி. தனியாக விற்பனைக்கு இல்லை. இவற்றை மையமாக வைத்த வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

தமிழுக்கு எந்தக் கருவியிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பொருளற்ற மாதிரி எழுத்தை நிரப்பி வரையாதீர்கள். 'சப்மிட்' இருந்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' வந்தால் பொத்தான் வெடித்துவிடும். பொத்தானின் அகலத்தை எண்ணாகக் கொடுக்காமல், எழுத்தின் நீளத்துக்கேற்ப விரியும்படி அமையுங்கள். செல்போன் திரைக்கான 360 பிக்சல் அகலச் சட்டத்தில் தொடங்குங்கள். வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.5 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். ஆங்கிலத்துக்கு 1.2 செல்லும், தமிழில் மேல்வரியின் 'ழூ', 'ஸ்ரீ' தொங்கி, கீழ்வரியின் 'கீ' கொக்கியில் இடிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், திரைக்கு ஏற்றவை. வாடிக்கையாளர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும், தேடலிலும் சிக்காது.

தளங்களைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவியில் எங்கள் தளம் அணுகல்தன்மைக்கு (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதற்கு) 100 வாங்கிவிட்டது. பார்வையற்றோருக்கு ஏற்றது என்று விளம்பரப்படுத்தலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். படத்துக்கு மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எழுத்து) இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அது 'படம்1' என்று இருந்தாலும் மதிப்பெண் போட்டுவிடும். எதைக் கணக்கிட முடியுமோ அதில்தான் கருவி கெட்டி. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு அப்படிப்பட்டது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யு.சி.ஏ.ஜி.-யின் விதி. வெள்ளைப் பின்னணியில் #777777 என்ற நிறக்குறியீட்டுச் சாம்பல் 4.48 வந்து தோற்கும், #767676 4.54 வந்து தேறும். கண்ணால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது, வெப்எய்ம் தளத்தின் சோதிப்பான் நொடியில் சொல்லும்.

மற்றதைக் கையால்தான் பார்க்க வேண்டும். மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் ஒரு படிவத்தை முடித்துப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்ற கட்டம் தெரியாமல் போனால் அங்கேயே தோல்வி. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்குங்கள், ஏதாவது வெட்டுப்படுகிறதா? பிறகு திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை நிறுவுங்கள், இலவசம். பக்கத்தின் நிரலில் உள்ள மொழிக்குறிப்பு ஆங்கிலம் என்றே விடப்பட்டிருந்தால் தமிழை ஆங்கிலக் குரலிலேயே படிக்க முயன்று திணறும். தமிழ்த் தளங்களில் இந்த ஒற்றை வரி அடிக்கடி விடுபடுகிறது. கடைசியாக, தினமும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, ஊதியம் கொடுத்துச் சோதியுங்கள்.

மெனுவில் 7-க்கு மேல் இணைப்புகள் இருக்கக் கூடாது என்பது விதியா?
– வாசகர், திருச்சி

இல்லை. அந்த 7, உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, அது குறுகிய கால நினைவைப் பற்றியது. மெனு கண்முன்னே இருக்கிறது, யாரும் மனப்பாடம் செய்வதில்லை. 'விதிகள்' என்று அட்டை போடும் தளங்களை மூல ஆய்வு எதைப் பற்றியது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

படிவங்கள் வடிவமைக்க ஒரே ஒரு தளம் சொல்லுங்கள்.
– வாசகி, சென்னை

பிரிட்டிஷ் அரசின் கவ்.யுகே டிசைன் சிஸ்டம். ஒவ்வொரு உறுப்பையும் எப்போது பயன்படுத்தலாம் என்பதோடு எப்போது கூடாது என்றும் அதில் எழுதுகிறார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறோம். பிறந்த தேதிக்கு நாட்காட்டியைத் திறந்து 1962 வரை பின்னோக்கித் தள்ள வைக்காமல், நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகள் வைக்கச் சொல்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வரி உயரத்தை மட்டும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

'இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று ஒரு கடிகாரம் வைக்கச் சொல்கிறார்கள். பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அது மீண்டும் 10-லிருந்து ஓடும். செய்யலாமா?
– வாசகர், பெங்களூரு

செய்யாதீர்கள். யு.எக்ஸ். வல்லுநர் ஹாரி பிரிக்னல் 2010-இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டுத் தொகுக்கத் தொடங்கிய ஏமாற்று வடிவங்களில் இதுவும் சேரும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. பொய் அவசரம் அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், சந்தாவை ரத்து செய்யும் வழியை ஒளிப்பதும் அங்கே இருக்கின்றன. பிரிக்னல் தளத்தை எடுத்துக்காட்டுகளுக்குப் பாருங்கள், மேலாளரிடம் காட்ட அந்த 13-இன் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள். சலுகை உண்மையில் முடிவதாக இருந்தால் கடிகாரம் தேவையில்லை, 'ஞாயிறு இரவு 12 மணி வரை' என்று முடியும் நேரத்தை எழுதினால் போதும்.